சூப்பர்வைசர்களுக்கு எனியாகிராம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கேள்வி: ராணிப்பேட்டையில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் எச்.ஆர். மேலாளராக இருக்கிறேன். ஆட்களின் குணத்தை ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு ஒன்பது வகையாகப் பிரிக்கும் எனியாகிராம் பற்றி ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்தேன். எங்கள் 14 சூப்பர்வைசர்களுக்கும் டெஸ்ட் வைத்து, யாரைக் கட்டிங்கில் போடுவது, யாரை லாஸ்டிங்கில் (ஷூவின் மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவு) போடுவது, யாருக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் பதவி தருவது என்று முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆள் பிரிக்க இதைத் தொடாதீர்கள். கோச்சிங்குக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ 1970 வாக்கில் சிலி நாட்டின் அரிக்கா நகரில் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்தது இன்றைய ஒன்பது வகை முறை. சிலியைச் சேர்ந்த மனநல மருத்துவர் கிளாடியோ நரன்ஹோ அதை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் உளவியல் மொழியில் விரித்தார். பிறப்பிலேயே இது ஆன்மிகத் தேடலின் பிள்ளை, ஆய்வுக்கூடத்தின் பிள்ளை அல்ல. இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் 2021-இல் ஆதாரம் கலவையாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஒருவருடைய சம்பளத்தையும் பதவியையும் இதை நம்பி முடிவு செய்வது நியாயமாகாது.

அப்புறம் எதற்கு இது? ஒருவர் என்ன செய்கிறார் என்பதை விட்டு, எதற்காகச் செய்கிறார் என்று கேட்க வைக்கிறது. அதுதான் இதன் பலம்.

ஷிப்மென்ட் நெருக்கடி. கியூ.சி. (தரச் சோதனை) பார்த்து முடித்த ஜோடிகளைப் பேக்கிங் டேபிளில் ஒரு சூப்பர்வைசர் மறுபடி கையில் எடுத்து, தையலையும் சோல் ஒட்டியிருப்பதையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பெட்டி தேங்குகிறது. பார்த்தவுடன் 'இவர் ஒன்றாம் வகை, பர்ஃபெக்ஷனிஸ்ட்' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாமல் கேளுங்கள்: "இதப் பாக்காம வுட்டா இன்னா ஆவும்னு தோணுது?"

"கோணலா இருக்கறத கண்ணால பாத்துட்டு எப்டி சார் வுடறது?" என்றால் ஒன்றாக இருக்கலாம். "பையர் பெட்டியத் தொறந்தா நாளைக்கு யாரு சார் பதில் சொல்றது?" என்றால் ஆறின் பயம். "ரிஜெக்ஷன் கம்மின்னு நம்ம லைனுக்குத்தான் பேரு, அது போயிடக் கூடாது" என்றால் பேர் வாங்கத் துடிக்கும் மூன்று. மூன்று பேரிடமும் "சும்மா செக் பண்ணாதீங்க" என்றால் ஒருவரும் நிறுத்தமாட்டார். முதலாமவருக்கு, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை டேபிளிலேயே தொங்கவிட்டு 'இதுவரை போதும்' என்ற எல்லையைக் கண்ணுக்குக் காட்டுங்கள். இரண்டாமவருக்கு, கியூ.சி. கையெழுத்துக்குப் பிறகு பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் கொடுங்கள். மூன்றாமவரிடம் அவர் லைன் கணக்கைப் பேசாமல், மொத்த ஃப்ளோரிலிருந்து லாரி ஏறிய கணக்கைப் பேசுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். மூன்று மாதம், ஒருவருக்கு ஆறு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரண்டு பேரோடு தொடங்குங்கள். 14 பேரையும் ஒரே நேரத்தில் எடுத்தால் மூன்றாவது வாரமே படுத்துவிடும். அதற்கு முன் உங்கள் வகையை நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும். முதலாளி போனில் சத்தம் போட்டால் அடுத்த பத்து நிமிஷம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள்.

முதல் சந்திப்பில் எண்ணே பேசாதீர்கள். சமீபத்தில் வேலையில் உரசல் வந்த மூன்று சம்பவங்களைச் சொல்லச் சொல்லி, முதலில் எழுந்தது கோபமா, மானம் போச்சே என்ற கூச்சமா, பயமா என்று கேளுங்கள். எட்டு, ஒன்பது, ஒன்று கோபத்தைச் சுற்றியவை. இரண்டு, மூன்று, நான்கு கூச்சத்தைச் சுற்றியவை. ஐந்து, ஆறு, ஏழு பயத்தைச் சுற்றியவை. இதில் ஒரு வில்லங்கம்: ஒன்பதுக்குக் கோபம் வெளியே தெரியாது, ஏழு பயப்படுகிற ஆளாகவே தெரியமாட்டார். அதனால் இரண்டாம் சந்திப்பில் பொருந்துகிற மூன்று வகைகளின் விவரத்தைத் தமிழில் படித்துக் காட்டி, தேர்வை அவரிடமே விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றிச் சொன்னாலும் சரியே. பிறகு ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். அது கிளம்பும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, அப்போது வாயில் என்ன வந்தது என்று ஒரு சின்ன நோட்டில் ஷிஃப்டுக்கு ஒரு வரி. மீதி நாலு சந்திப்பும் அந்த நோட்டை வைத்துத்தான். சிறகு, அம்புக்குறி, துணைவகை என்று எனியாகிராமில் வரும் நுணுக்கங்கள் எல்லாம் வகுப்பில் சுவாரஸ்யம், ஃப்ளோரில் குழப்பம். இப்போதைக்கு வேண்டாம்.

நம் பக்கத்து ஃபேக்டரிகளில் வகை தப்பிப் போவதற்குப் பெரிய காரணம் பதவி மரியாதை. உங்கள் முன்னால் உட்கார்ந்து "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறவரெல்லாம் உரசலைத் தவிர்க்கும் ஒன்பது இல்லை. தையல் செக்‌ஷனில் எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுகிற அக்கா, உதவும் வகையான இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; வீட்டிலும் வேலையிலும் பெண்களிடம் எதிர்பார்ப்பதே அதைத்தானே. "யாரும் பாக்காதப்போ, யாருக்கும் பதில் சொல்ல வேணாம்னா இன்னா பண்ணுவீங்க?" என்ற கேள்வி இங்கே டெஸ்ட் தாளைவிட நன்றாக வேலை செய்யும்.

எண்ணை பெர்சனல் ஃபைலில் ஏற்றாதீர்கள். மேனேஜர் கேட்டாலும் தராதீர்கள். "அவன் எட்டு, கத்தத்தான் செய்வான்" என்ற பேச்சு கேன்டீனில் கிளம்பிவிட்டால் கத்துவதற்கு நீங்களே லைசென்ஸ் கொடுத்தாயிற்று. கத்தலுக்குக் காரணம் குணமே இல்லாமலும் இருக்கலாம். மேல்பாகம் நேரத்துக்கு வராமல் லாஸ்டிங் லைன் தினமும் காத்துக்கிடந்தால், சரிசெய்ய வேண்டியது பிளானிங்கை.

ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றாலோ, குடி கூடிவிட்டது என்றாலோ எனியாகிராமை அங்கேயே நிறுத்துங்கள். அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். வேலூரில் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. விவரத்தை முன்கூட்டியே விசாரித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் சந்திப்புக்கு உட்காருங்கள்.