மூன்றாவது தடவைக்குக் கடன் வேண்டாம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தவறிய மகளை, கடன் வாங்கி மறுபடியும் எழுத வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கடன் என்றதும் மனசு மாறிவிட்டது. மூன்றாவது தடவையும் கடன் வாங்கி அவளைப் படிக்க வைக்காதீர்கள். "டாக்டர் ஆகாமல் என்ன மரியாதை" என்கிற பெரியப்பாவா வட்டி கட்டப்போகிறார்?

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு இயற்பியலில் ஒலி அலைப் பாடம்தான் உயிர். வாசிக்கத் திணறும் தம்பிக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தருவதும் அவள்தான். இந்த இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி, கேட்கும் திறனைச் சோதித்து உதவுகிற ஆடியாலஜி என்றொரு படிப்பு இருக்கிறது. காது மெஷின் மாட்டுகிற வேலை என்று உறவினர்கள் ஒதுக்குவார்கள். ஆனால், காதில் ஒலி விழுந்ததும் மூளை என்ன செய்கிறது என்று அளப்பதும் அதில் உண்டு.

பச்சைக் குழந்தையிடம் "கேட்குதா?" என்று கேட்க முடியுமா? பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தோலை இதமாகத் தேய்த்து எலக்ட்ரோடு, அதாவது உடலின் மின் சைகையைப் பிடிக்கும் சிறு தகடு, ஒட்டுவார்கள். காதில் டிக் டிக்கென்று ஒலி போகும். ஒவ்வொரு ஒலிக்கும் முதல் 10 மில்லிசெகண்டுக்குள் (ஒரு மில்லிசெகண்டு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) செவி நரம்பும் மூளைத்தண்டும் மின் சைகையாகப் பதில் தரும். அது 1 மைக்ரோவோல்ட்கூட (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தேறாது; மூளையின் மற்ற இரைச்சல் அதைவிடப் பல மடங்கு. ஆகவே ஆயிரம், இரண்டாயிரம் தடவை ஒலிக்கவிட்டுச் சராசரி எடுப்பார்கள். இரைச்சல் அமுங்கி, மேடு மேடாக அலைகள் திரையில் எழும்பும். ஜூவெட், வில்லிஸ்டன் என்ற ஆய்வாளர்கள் 1971இல் விவரித்தவை இவை. ஐந்தாவது மேடு பெரியவர்களுக்கு 6 மில்லிசெகண்டை ஒட்டி வரும், பிறந்த குழந்தைக்குச் சற்றுப் பிந்தும். இது தெரியாதவர் நல்ல காதையும் பழுது என்பார். உட்காது நன்றாக வேலை செய்தும் இந்த அலைகள் சிதறிப்போகிற குழந்தைகளும் உண்டு. அது ஆடிட்டரி நியூரோபதி, காதிலிருந்து மூளைக்குச் சைகை ஒழுங்காகப் போகாத கோளாறு. உட்காதை மட்டும் சோதித்தால் அது தப்பிவிடும்.

தம்பி விஷயம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் திணறும் குறைபாடு, உள்ள சிலருக்கு 'பா', 'டா' போன்ற ஒலிகளைப் பிரிப்பதில் மூளையின் பதில் வேறுபடுகிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை. இந்த ஒரு சோதனையை வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவுகட்ட முடியாது. அப்படி முடிவுகட்டுகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்த அலைகளைப் பதிவுசெய்யும் கருவி இருக்கிறதா, மாணவர்கள் தாங்களே எத்தனை பேருக்கு எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு முன்னால், அனுமதி வாங்கி, மகளை அரைநாள் ஒரு சோதனை அறையில் உட்கார வையுங்கள். குழந்தை தூங்கக் காத்திருப்பதே பாதி வேலை. அவளுக்கு அலுத்துப்போனால் இதையும் திணிக்க வேண்டாம். பிடித்ததா இல்லையா என்று அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.