பள்ளி அணிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்: தி பிளைண்ட் சைட்

ஆதரவில்லாத ஒரு பையனுக்கு விளையாட்டு வழியாகக் குடும்பம் கிடைக்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்கள், பள்ளி அணிப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2009ல் வந்த 'தி பிளைண்ட் சைட்' காட்டுங்கள். ஆனால் படம் முடிந்த உடனே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதற்கப்புறம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

மைக்கேல் ஓர் என்ற நிஜ அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரின் கதை அது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம், அம்மா போதையில், கூடப் பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர், இவர் வீடு மாறி வீடு வளர்கிறார். குளிர் ராத்திரியில் அரைக்கால் சட்டையோடு நடந்து போகிறவரை ஒரு வசதியான குடும்பம் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த அம்மாவாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. தனக்கென்று ஒரு கட்டில் இதுவரை இருந்ததே இல்லை என்று அவன் சொல்லுகிற காட்சி ஒன்று வரும். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

எனக்குக் குமரி மாவட்டத்துக் கடப்புறம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் பந்து உருளும், மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து வரைக்கும் போய் ஆடியவர்கள் இந்த மணலில் பழகியவர்கள்தான். 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த எத்தனையோ அப்பாக்கள் திரும்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி அப்பாவை இழந்த ஒரு பையன், அணியில் கூட ஆடுகிறவன் வீட்டிலேயேதான் ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிடுவான், அந்த வீட்டு அம்மா "மக்களே, வந்து இரி" என்பதோடு சரி, வேறொன்றும் கேட்கமாட்டார். அதனால் இந்தப் படம் எங்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

சரி, பேசவேண்டிய விஷயம். படத்தில் அவனுக்கு ஆட்டமே தெரியாது. அந்த வீட்டுச் சின்னப் பையன் சாஸ் பாட்டில்களை வைத்து விளக்குகிறான், அந்த அம்மா மைதானத்துக்குள் இறங்கி வந்து சொல்லிக்கொடுக்கிறார். நிஜத்தில் மைக்கேல் ஓர் சின்ன வயதிலிருந்தே ஆட்டத்தைக் கவனித்துப் படித்தவர். தன்னை ஒன்றும் புரியாதவனாகக் காட்டியது பிடிக்கவில்லை என்று 2011ல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். எனக்கும் அது உறுத்துகிறது. எங்கள் பையன்களுக்கும் பந்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாப்பாடு வேண்டும், பூட்ஸ் வேண்டும், மாநில அணித் தேர்வுக்குப் போகும்போது படிவத்தில் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டும்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. 2023 ஆகஸ்டில் மைக்கேல் ஓர் நீதிமன்றத்துக்குப் போனார். தத்தெடுப்பு என்று தான் நம்பிய காகிதம் உண்மையில் தத்தெடுப்பே இல்லை, 2004ல் தனக்குப் பதினெட்டு வயதானபோது தன் சார்பில் அந்தக் குடும்பத்தார் முடிவெடுக்க உரிமை தரும் ஒரு ஏற்பாடு என்றார். தாங்கள் அவரை ஏமாற்றவில்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். அடுத்த மாதமே அந்த ஏற்பாட்டை நீதிபதி ரத்து செய்துவிட்டார். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இதை மறைக்காதீர்கள்: சோறு போட்ட வீடு என்றாலும், நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்பு குறைந்துபோகாது.

படத்தைப் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுங்கள், இது நம் கால்பந்து இல்லை. பந்தை எறிகிறவர் வலக்கைக்காரர் என்றால், எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அங்கே யார் பாய்ந்து வருகிறார் என்று தெரியாது, படத்தின் பெயரில் இருக்கிற 'பிளைண்ட் சைட்' அதுதான். அந்தப் பக்கத்தைக் காக்கிறவர்தான் மைக்கேல் ஓர், அநேகமாகப் பந்தையே தொடமாட்டார். உங்கள் அணியில் பின்வரிசையில் நிற்கிற பையன்களுக்கு இது சட்டென்று புரியும்.