அமெரிக்காவுல சவுத் கரோலினாவோட ஸ்பார்ட்டன்பர்க் கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) இத்தன கம்பெனி எப்படி வந்துச்சு? அங்க வேலைக்கு வரலாமா?

நிறைய பேர் பிஎம்டபிள்யூ வந்துச்சு, ஊரு மாறிடுச்சுன்னு எழுதுறாங்க, அது பாதிக்கதை தான். நான் இங்க ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு குவாலிட்டி வேலைக்கு வந்து குடும்பத்தோட செட்டில் ஆனவன், சொந்த ஊரு கோயம்புத்தூர், அதனாலயே இந்த ஊரு கதைய கேக்க கேக்க நம்ம ஊரு கதை மாதிரியே இருந்துச்சு.

ஒரு காலத்துல இது முழுக்க காட்டன் மில் ஊரு. அந்த மில்லுங்களுக்கு மெஷின் விக்கவும் சர்வீஸ் பண்ணவும் 1960கள்ல இருந்து சுவிஸ், ஜெர்மன் கம்பெனிங்க இங்க வந்து கடை போட்டாங்க, அப்ப உள்ளூர் சேம்பர் ஆஃப் காமர்ஸ்ல இருந்த ரிச்சர்ட் டூக்கின்னு ஒருத்தர் ஐரோப்பாவுக்கே நேர்ல போயி பேசி பேசி கூட்டிட்டு வந்திருக்காரு. அப்படி இங்க வந்ததுல நூற்பு மெஷின் செய்யுற ரீட்டர்ங்குற சுவிஸ் கம்பெனியும் ஒண்ணு. 1962ல கோவைல லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் ஆரம்பிச்சப்ப டெக்னாலஜி குடுத்த அதே ரீட்டர் தாங்க! அது தெரிஞ்ச அன்னிக்கு எங்கப்பாவுக்கு போன் போட்டு சொன்னேன்.

அப்புறம் மில்லுங்க ஒண்ணொண்ணா மூடிட்டாங்க, ட்ரேட்டன் மில் இப்ப அபார்ட்மென்ட். ஆனா மெஷின் தெரிஞ்ச ஆளுங்க இங்கயே இருந்தாங்க, வெளிநாட்டு கம்பெனியோட வேலை பாத்த பழக்கமும் ஊருக்கு இருந்துச்சு. மில்லிக்கன்ங்குற இந்த ஊரு துணிக் கம்பெனி துணியோட நிக்காம கெமிக்கல், கார்பெட்னு போயிடுச்சு. 1992ல பிஎம்டபிள்யூ இங்க வர்றோம்னு சொன்னப்ப ஸ்டேட் நிலத்த வாங்கி வருஷத்துக்கு 1 டாலர் வாடகைக்கு விட்டுச்சு, 1994ல முதல் கார் வெளிய வந்துச்சு. ஐ-85, ஐ-26னு ரெண்டு பெரிய நெடுஞ்சாலையும் இங்க தான் குறுக்க போகுது, 2013ல பக்கத்துல க்ரீர்ங்குற ஊர்ல இன்லாண்ட் போர்ட் (கடல் இல்லாத இடத்துல கன்டெய்னர் கையாளுற இடம்) வேற தொறந்தாங்க, கன்டெய்னர் ரயில்லயே 200 மைலுக்கு மேல தள்ளி இருக்குற சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு போயிடுது. இன்னொண்ணு, புதுசா ஒரு ப்ளான்ட் வந்தா அதுக்கு வேணுங்குற ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குற வேலைய 1961லயே ஆரம்பிச்ச ஸ்டேட்டோட டெக்னிக்கல் காலேஜ் சிஸ்டமே பாத்துக்குது. என்னைக் கேட்டா வரிச்சலுகைய விட பெரிய விஷயம் இது தான்.

பல தொழில் இருக்குறதோட அருமை எனக்கு 2020ல புரிஞ்சுது. ஏப்ரல் மாசம் கார் ப்ளான்ட் நின்னுச்சு, சீட்டு, டோர் பேனல்னு அந்தந்த நேரத்துக்கு சப்ளை பண்ற எல்லாரும் கூடவே நின்னாங்க, எங்க கம்பெனில என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கார்த் தொழில் மட்டும் இருந்த ஊரா இருந்தா மூட்டைய கட்டிருக்கணும். அப்ப இண்டஸ்ட்ரியல் துணி நெய்யுற ஒரு கம்பெனில ஆள் எடுத்துட்டு இருந்தாங்க, இருபது நிமிஷ டிரைவ், பொண்ணு ஸ்கூல் கூட மாத்தல.

எனக்கு வருத்தமும் ஒண்ணு இருக்கு. இந்த ஸ்டேட்ல ஃபாக்டரி சொத்தோட மதிப்புல 10.5 சதவீதத்த கணக்குல எடுத்து அது மேல வரி போடணும்னு சட்டம் (2022ல வந்த விலக்கு இத குறைச்சிருக்கு), பெரிய முதலீடு போட்டா கவுண்டி ஒப்பந்தம் போட்டு அத 6 சதவீதமா குறைச்சுடுது, அதுவும் பல வருஷத்துக்கு. கம்பெனி வரணும் தான், ஆனா அந்தப் பணத்துல பள்ளிக்கூடத்துக்கு போக வேண்டிய பங்கும் இருக்குல்ல, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் கவுண்டி கவுன்சில்ல உக்காந்து கேள்வி கேக்கணும்னு நினைக்கிறேன், நானும் நேரம் கெடைக்கறப்ப போறேன்.

வேலைக்கு வரலாமான்னா, மெயின்டனன்ஸ், பிஎல்சி (ஃபாக்டரி மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்), ரோபோ ப்ரோகிராமிங், குவாலிட்டி தெரிஞ்சா தாராளமா வாங்க. ஐடி மட்டும்னா பக்கத்து ஸ்டேட்ல இருக்குற சார்லட் நகரத்தையும் சேத்து தேடுங்க, ஒன்றரை மணி நேரம் தான். கார் இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது, அத மொத மாச செலவுலயே சேத்து வச்சுக்கோங்க.