ஜப்பானில் அரசியல் வாரிசும் இல்லை, கல்லூரிப் படிப்பும் இல்லை என்றால் ஒருவர் பிரதமராக முடியுமா?

முடியும், முடிந்திருக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனையையும் சேர்த்துக் கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். 2020இல் பிரதமரான சுகா யோஷிஹிதே அகிதாவில் ஸ்ட்ராபெரி பயிரிட்ட விவசாயியின் மகன்; ஆனால் பட்டதாரி. 1994இல் வந்த முராயாமா தோமிஈச்சி மீனவர் வீட்டுப் பிள்ளை, அவரும் பட்டதாரி. வாரிசும் இல்லை, பட்டமும் இல்லை என்றால் ஜப்பானில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் தனாகா ககுவேய்.

நான் நீகாட்டா மாகாணத்தின் நகாவோகாவில் மூன்று வருஷம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அது தனாகாவின் பழைய தொகுதி. அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அவரைப் புரிந்துகொள்ள அந்த ஊர்ப் பனியைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் டோக்கியோவிலிருந்து ஜோஎட்சு ஷின்கன்சென் ஏறினால் குன்மா மாகாணம் வரைக்கும் சுள்ளென்று வெயில், காய்ந்த வயல். அப்புறம் 22 கி.மீ. நீளமுள்ள தைஷிமிசு சுரங்கம். காது அடைத்துத் திறப்பதற்குள் மறுபக்கம் வந்துவிடும். அங்கே வீட்டுக் கூரையில் ஆள் உயரத்துக்குப் பனி, ஆட்கள் மேலே ஏறி மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருப்பார்கள். சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, மொத்தத்தையும் நீகாட்டாவில் கொட்டிவிட்டு, வறண்டு போய் டோக்கியோ பக்கம் இறங்குகிறது. நகாவோகாவில் சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். அதனால் தெருவெல்லாம் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாக இருக்கும். வேலைக்குப் போன முதல் வாரம் ஏதோ ரசாயனம் கொட்டிவிட்டது என்றே நினைத்தேன்.

1946இல் முதல் தேர்தலில் நின்றபோது தனாகா பேசியதாக இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. குன்மாவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற மிகுனி கணவாயை வெட்டித் தள்ளிவிடுவோம். காற்று நேரே பசிபிக் பக்கம் போய்விடும், நமக்குப் பனி விழாது. வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டினால் எதிரே கடலில் இருக்கும் சாதோ தீவுக்கு நடந்தே போகலாம். கூட்டம் சிரித்திருக்கும். ஆனால் பனிக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத கிராமத்துக்காரனுக்கு, தன் குறை இன்னதென்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று பட்டிருக்கும். அவர் கிராமத்தை விட்டுக் கிளம்பும்போது அம்மா மூன்று புத்தி சொல்லி அனுப்பினாராம்: அளவுக்கு மீறிக் குடிக்காதே, குதிரை வாங்காதே, முடியாததைச் சொல்லாதே. மூன்றாவதை அவர் எந்த அளவுக்குக் கேட்டார் என்பதை அந்தப் பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

குதிரை எங்கே வந்தது என்றால், அப்பா மாட்டு வியாபாரி, பந்தயக் குதிரை மோகம் வேறு. குடும்பம் அதில்தான் நொடித்துப் போனது. தனாகா பிறந்தது 1918இல். சின்ன வயதில் கடுமையான திக்குவாய். நானிவாபுஷி என்ற கதைப்பாட்டை இழுத்து இழுத்துப் பாடிப் பழகியே அதைச் சரிசெய்துகொண்டார். ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றது. 1934இல் டோக்கியோ வந்து பகலில் வேலை, இரவில் கட்டடத் தொழில் பள்ளி. ராணுவத்தில் சேர்த்து மஞ்சூரியாவுக்கு அனுப்பினார்கள். நுரையீரல் நோயோடு திரும்பினார். 1943இல் சொந்தக் கட்டுமான நிறுவனம். போர் முடியும் நேரத்தில் கொரியாவில் ஒரு பெரிய ஒப்பந்தம், அதில் கையில் பணம்.

இங்கே ஒரு ஜப்பானியச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். அங்கே தேர்தலில் ஜெயிக்க மூன்று 'பான்' வேண்டும் என்பார்கள். ஜிபான் என்றால் காலூன்ற நிலம், அதாவது தொகுதியில் நமக்கென்று இருக்கிற ஆட்கள். கன்பான் என்றால் பெயர்ப்பலகை, ஊரறிந்த குடும்பப் பெயர். கபான் என்றால் பை. பையில் என்ன இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வாரிசு என்றால் மூன்றும் அப்பாவிடமிருந்து ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

தனாகாவிடம் 1946இல் இருந்தது பை மட்டும். உள்ளூர்ப் பிரமுகர்களை நம்பிப் பணத்தைக் கொடுத்தார். அவர்களில் சிலர் அந்தப் பணத்தை வைத்துத் தாங்களே வேட்பாளராக நின்றுவிட்டார்கள் என்று சொல்வார்கள். தோற்றார். அந்தத் தோல்விதான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன். அதன்பின் நடுவில் ஆள் வைக்கவே இல்லை. மலைக்கிராமங்களுக்குத் தானே நடந்தார். 1947இல் ஜெயித்தார், வயது 28.

1948 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கங்களை அரசுக் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் மசோதா விவகாரத்தில் லஞ்ச வழக்கு, கைது. அடுத்த மாதமே தேர்தல். சிறைக்குள் இருந்தபடியே வேட்பாளராகி, ஜாமீனில் வந்து, பனிக்குள் கடைசி சில நாள் மட்டும் பிரசாரம் செய்து ஜெயித்தார். 1951இல் மேல்முறையீட்டில் விடுதலை. இந்த ஒரு தேர்தல் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை வைத்துத்தான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் நான் படிக்கிறேன்: டோக்கியோவில் பெயர் கெட்டால் கெடட்டும், ஊரில் நிலம் கெட்டியாக இருந்தால் போதும்.

அந்த நிலத்துக்கு அவர் வைத்த பெயர் எட்சுசான்காய். தனாகாவின் ஆதரவாளர் மன்றம். கிராமத்துக்குக் கிராமம் கிளை. சாலை வேண்டும், பாலம் வேண்டும், பையனுக்கு வேலை வேண்டும் என்று மன்றத்துக்காரர்கள் பேருந்து பிடித்து டோக்கியோவில் மெஜிரோ பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குக் காலையில் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடம்தான். ஆகும் என்றால் ஆகும், ஆகாது என்றால் அப்போதே ஆகாது. 'பார்க்கிறேன்' என்ற பேச்சே கிடையாது. ஒருவரின் பெயர் மறந்துபோனால் "உன் பெயர் என்னப்பா?" என்று கேட்பாராம். அவர் "சுசுகி" என்றால், "அது தெரியும், உன் சொந்தப் பெயரைத்தான் கேட்டேன்" என்பாராம். இதை எனக்குச் சொன்ன தொழிற்சாலை மேஸ்திரி ஒவ்வொரு குடிவிருந்திலும் நடித்தே காட்டுவார்.

அப்போது தேர்தல் முறையும் இதற்கு வசதி. ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள், வாக்காளருக்கோ ஒரே ஓட்டு. ஆளும் கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சியே ஒரு தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தும். ஆக, உங்கள் எதிரி எதிர்க்கட்சிக்காரர் அல்ல, உங்கள் கட்சிக்காரர்தான். கட்சிப் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது. சொந்த மன்றம் வேண்டும், மன்றத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு டோக்கியோவில் ஒரு தலைவர் வேண்டும். கட்சிக்குள் அணிகள் முளைத்தது இப்படித்தான். அணிகள் சேர்ந்து எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அங்கிருந்து பிரதமர்.

1957இல் 39 வயதில் அஞ்சல் தொலைத்தொடர்பு அமைச்சர். 1962இல் நிதியமைச்சர். அந்த அமைச்சகம் முழுக்க டோக்கியோ பல்கலைக்கழகத்துச் சட்டம் படித்தவர்கள். அவர்கள் முன்னால் போய் நின்று, நான் ஊர்ப் பள்ளியோடு நின்றவன், நீங்கள் நாட்டிலேயே மூளைசாலிகள், என் அறைக் கதவு திறந்தே இருக்கும், வேலையைச் செய்யுங்கள், வரும் பழியை நான் ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார். கூசிக் குறுகாமல் தன் படிப்பைத் தானே முதலில் சொல்லிவிட்டதால், முதுகுக்குப் பின்னால் சொல்ல அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற முறையில் தன் பெயரில் கொண்டுவந்து சட்டமாக்கியவை மட்டும் 33. பெட்ரோல் வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கும் ஏற்பாடும் அதில் ஒன்று. 'கம்ப்யூட்டர் பொருத்திய புல்டோசர்' என்ற பட்டம் சும்மா வரவில்லை.

1972இல் பிரதமர் சாதோ ஐசாகு விலகியபோது அடுத்தவர் என்று எல்லோரும் நினைத்தது ஃபுகுதா தகேயோவை. இம்பீரியல் பல்கலைக்கழகம், நிதியமைச்சகத்து உயர் அதிகாரி, சாதோவின் மனசுக்கு உகந்தவர். எந்த ஊர்க்காரர் தெரியுமா? குன்மா. தனாகா வெட்டித் தள்ளுவேன் என்று சொன்ன மலையின் வெயில் பக்கம்! சாதோ அணியின் பெரும்பகுதியைத் தனாகா சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னோர் அணியின் தலைவர் நகசோனே போட்டியிலிருந்து விலகி அவரை ஆதரித்தார். ஜூலை 5ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தலில் முதல் சுற்று: தனாகா 156, ஃபுகுதா 150, ஒஹிரா 101, மிகி 69. இரண்டாவது சுற்றில் ஒஹிராவின் ஆட்களும் மிகியின் ஆட்களும் சேர, 282க்கு 190. அந்தத் தேர்தலில் புழங்கிய பணத்தைப் பற்றிப் பேசாத ஜப்பானியர் இல்லை. ஓர் ஏழை வீட்டுப் பையன் நாட்டை ஆள வந்துவிட்டான் என்று மக்கள் கொண்டாடியதும் உண்மை.

பிரதமராக இருந்த காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். செப்டம்பரில் பெய்ஜிங் போய் சீனாவோடு உறவை மீட்டார். நாடெங்கும் புல்லட் ரயிலும் நெடுஞ்சாலையும் போடும் திட்டத்தை அறிவிக்க, நிலத்தின் விலை எகிறியது. 1973 எண்ணெய் நெருக்கடி அதன்மேல் வந்து விழுந்தது. 1974 இலையுதிர்காலத்தில் ஒரு மாத இதழ் அவருடைய நில பேரங்களையும் போலி நிறுவனங்களையும் கணக்குப் போட்டுக் காட்டியது. டிசம்பரில் பதவி போனது. 1976 ஜூலையில் லாக்ஹீட் விமான பேரத்தில் 50 கோடி யென் வாங்கியதாகக் கைது. பணம் வாங்கிய ரசீதில் 'வேர்க்கடலை' என்று குறித்திருந்தார்கள்.

வேறு எவராக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். தனாகா கட்சியிலிருந்து விலகினார், அணியை மட்டும் விடவில்லை. ஆளும் கட்சியின் உறுப்பினரே இல்லாத ஒருவர் அந்தக் கட்சியின் மிகப் பெரிய அணிக்குத் தலைவர்! அணி நூறு பேரைத் தாண்டி வளர்ந்தது. 1978இல் ஒஹிரா, 1980இல் சுசுகி, 1982இல் நகசோனே, மூவரும் அவர் கை அசைந்து வந்தவர்கள். 'நிழல் ஷோகன்' என்று பத்திரிகைகள் எழுதின; ஷோகன் என்றால் பழைய ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர். நகசோனே அமைச்சரவைக்கு 'தனாகசோனே' என்றே பெயர்.

1983 அக்டோபர் 12இல் தீர்ப்பு: நான்கு வருஷச் சிறை, 50 கோடி யென் அபராதம். மேல்முறையீடு போட்டார். டிசம்பரில் தேர்தல் வந்தது. ஒரு பிரபல எழுத்தாளரே அவரை எதிர்க்க நீகாட்டாவுக்கு வந்து நின்றார். தனாகா வாங்கிய ஓட்டு 2,20,761. அதற்கு முன் அவர் அவ்வளவு வாங்கியதே இல்லை.

நான் குடியிருந்த வீட்டுக்காரத் தாத்தாவிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். லஞ்சம் வாங்கினார் என்று கோர்ட்டே சொன்ன பிறகுமா ஓட்டுப் போட்டீர்கள்? தாத்தாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் தங்கைக்கு ஒரு பிப்ரவரியில் பிரசவ வலி வந்ததையும், நான்கு பேர் அவரைச் சறுக்குப் பலகையில் படுக்கவைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனதையும் சொன்னார். அடுத்த குழந்தைக்குள் அந்த வழியில் சுரங்கப்பாதை வந்துவிட்டது. "டோக்கியோக்காரர்கள் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுக்குச் சாலை இருந்தது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காக 50 கோடி சரியாகிவிடாது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாத்தா ஏமாந்தவர் என்று சொல்லவும் என் வாய் வரவில்லை.

1985 பிப்ரவரியில் தனாகாவின் அணிக்குள்ளேயே தகேஷிதா என்பவர் தனிக் குழு அமைத்தார். இருபதே நாளில் தனாகா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது, திக்குவாயைப் பாடிப் பாடிச் சரிசெய்தவருக்கு. 1993 டிசம்பரில் இறந்தார். வழக்கும் அத்தோடு முடிந்தது.

வாரிசு இல்லாமல் வந்தவர் வாரிசு அரசியலைக் குறைத்தாரா என்று கேட்டால், இல்லை, கூட்டினார் என்பதுதான் என் கருத்து. நிலமும் பையும் எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் செய்து காட்டினார். அவ்வளவு செலவு செய்து கட்டிய மன்றத்தை, தலைவர் போனதும் கலைக்க யாருக்கு மனசு வரும்? மகனையோ மகளையோ கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவருடைய நண்பர் ஒருவர், தொத்தோரி மாகாணத்தின் முன்னாள் ஆளுநர், 1981இல் இறந்தபோது வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகனை அரசியலுக்கு வரச் சொன்னவர் தனாகாதான். அந்த மகன்தான் 2024இல் பிரதமரான இஷிபா. 2006 முதல் 2009 வரை வரிசையாக வந்த நான்கு பிரதமர்களைப் பாருங்கள்: அபே (முன்னாள் பிரதமர் கிஷியின் பேரன்), ஃபுகுதா யசுவோ (அந்தக் குன்மா ஃபுகுதாவின் மகன்), அசோ (முன்னாள் பிரதமர் யோஷிதாவின் பேரன்), ஹதோயாமா (முன்னாள் பிரதமரான பழைய ஹதோயாமாவின் பேரன்).

1994இல் தேர்தல் முறையையே மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஒருவர். பழைய முறையின் கடைசித் தேர்தல் 1993 ஜூலையில் நடந்தது. தனாகாவின் மகள் மகிகோ அதே நீகாட்டா தொகுதியில் முதல் முறையாக நின்று ஜெயித்தார். பின்னால் பிரதமர்களான அபேவும் கிஷிதாவும் நாடாளுமன்றத்துக்குள் முதல்முறை நுழைந்தது அந்தத் தேர்தலில்தான், இருவரும் அப்பா விட்டுப்போன இடத்தில். அதே நாளில் எந்தக் குடும்பப் பலகையும் இல்லாமல் இருவர் நுழைந்தார்கள். ஒருவர், சிபாவில் தினமும் காலையில் ரயில் நிலைய வாசலில் நின்று பேசியே ஓட்டுச் சேர்த்த நோதா, 2011இல் பிரதமரானார். இன்னொருவர் நாராவில் சுயேச்சையாக நின்ற தகாஇச்சி சனாஏ. 2025 அக்டோபரில் ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். மகிகோ அமைச்சர் பதவியோடு நின்றுவிட்டார்.