காரின் டிபிஎஃப் (டீசல் புகையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உடைந்துவிட்டது என்று ஒன்றே கால் லட்சம் எஸ்டிமேட் தருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: பிஎஸ்6 (2020 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார், வாரண்டி முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. திடீரென்று செக் இன்ஜின் லைட் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், பி2002 என்று கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வந்தது. "டிபிஎஃப் உள்ளே உடைஞ்சிருச்சு சார், அசெம்ப்ளியோட மாத்தணும்" என்று எஸ்டிமேட்டை நீட்டிவிட்டார்கள். வண்டி ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் என்றால் நல்லது. சைலன்சர் வாய்க்குள் விரல் நீளத்துக்குத் துணியை விட்டு ஒரு சுற்றுத் துடைத்து எடுங்கள். கரி அப்பிக்கொண்டு வந்தால் சர்வீஸ் சென்டர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. லேசான சாம்பல் நிறம் மட்டும் ஒட்டினால், அல்லது ஒன்றுமே ஒட்டாவிட்டால், பேனாவை மூடி வையுங்கள்.

காரணம் எளிது. டிபிஎஃப் என்பது தேன்கூடு மாதிரி நுண்ணிய குழாய்கள் கொண்ட பீங்கான் கட்டி. பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை மாற்றி மாற்றி ஒரு முனையில் அடைத்திருப்பார்கள். புகை சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களின் சைலன்சர் வாய் பழைய டீசல் வண்டி போலக் கன்னங்கரேலென்று இருப்பதில்லை. அந்தக் கட்டி நிஜமாகவே வெடித்திருந்தால் கரி நேராக வெளியே வந்து படியும். படியவில்லை என்றால் வடிகட்டி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் கோடு ஏன் வந்தது? ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், வடிகட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. டிபிஎஃபுக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய், பின்னால் ஒரு சின்னக் குழாய், இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பிரஷர் சென்சார். இரண்டு பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. வித்தியாசம் இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக இருந்தால், "தடுப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை போலிருக்கிறது" என்று ஈசியு முடிவு கட்டி பி2002 போடும். முன்பக்கத்து ரப்பர் குழாய் விண்டு காற்று வெளியே போனாலும் இதே குறைந்த அளவுதான் வரும். சென்சார் கெட்டிருந்தாலும் வரலாம். ஈசியுவுக்கு இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டியது வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆளுக்குத்தான்.

என் மச்சானின் வண்டியில் நடந்ததும் இதுவே. அதே கோடு, அதே "உடைஞ்சிருச்சு", உங்களுடையதை ஒட்டிய தொகை. துணி சுத்தமாக வந்ததால் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொன்னோம். அட்வைசர் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். சென்சாருக்குப் போகும் இரண்டு குழாய்களில் முன்பக்கத்துக் குழாய், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் நீளவாக்கில் விண்டிருந்தது. விரிசலைச் சுற்றி, பக்கத்திலிருந்த அலுமினியத் தகட்டின் மேலும், விசிறி போலக் கரி அடித்திருந்தது. டார்ச் அடித்ததும் கண்ணில் பட்டது அதுதான். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தால் புஸ்புஸ் என்ற சத்தமும் கேட்டது. குழாய் சில நூறு ரூபாய், லேபர் தனி. மாற்றிக் கோடை அழித்த பிறகு லைட் திரும்ப எரியவில்லை. சூட்டில் காய்ந்து வெடித்ததா, எலி கை வைத்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. எங்கள் பக்கம் எலிக்குத்தான் ஓட்டு.

உங்கள் வண்டியிலும் குழாய்தான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கலாம். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் லைவ் டேட்டா என்ற பகுதி இருக்கும். அதில் டிபிஎஃப் டிஃபரென்ஷியல் பிரஷர் எவ்வளவு என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். காற்றே ஓடாதபோது அழுத்த வித்தியாசம் எங்கிருந்து வரும்? அங்கேயே ஏதாவது எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பிறகு இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் பாருங்கள். சில மில்லிபார் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து ஆர்பிஎம் மூவாயிரம் வரை ஏற்றினால் அந்த எண் கூடவே ஏற வேண்டும். ஏறாமல் அப்படியே கிடந்தால் ஒன்று கட்டி உடைந்திருக்கிறது, அல்லது முன் குழாயில் கசிவோ அடைப்போ, சென்சாரில் கோளாறோ இருக்கிறது. கட்டி உடைந்ததா இல்லையா என்பதைச் சொல்வதுதான் சைலன்சர் வாயில் விட்ட அந்தத் துணி. ஸ்கிரீனை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்து வேகம், சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும், அதையும் கேளுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு ஓபிடி ஸ்கேனரை (வண்டியில் மாட்டிக் கோடு படிக்கும் கருவி) வாங்கி வீட்டிலேயே பார்க்கலாம்தான், ஆனால் எல்லா வண்டிக்கும் டிபிஎஃப் அளவுகள் அதில் வராது. முக்கியமாக, அதை வைத்துக் கோடை அழித்துவிட்டு சென்டருக்குப் போகாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துவிடும்.

சர்வீஸ் அட்வைசர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களிடம் பேசுகிறவர் வண்டியைத் தொட்டவரே அல்ல. தொட்டவருக்கு வரிசையில் இன்னும் பல வண்டிகள் காத்திருக்கின்றன. கோடுக்கு எதிரே எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அதை மாற்றினால் அவர் வேலை முடிந்தது. குழாயைப் பார்க்க அரை மணி நேரம் செலவழித்தால் அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "டயக்னாசிஸ் சார்ஜ் எவ்வளவோ போட்டுக்கோங்க, குழாய், சென்சார், எக்ஸாஸ்ட் லீக் மூணையும் பார்த்து ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க." பார்த்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம், "இதை மாத்தியும் அதே கோடு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு, பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு அப்புறம் வண்டியை இன்னொரு தடவை லிஃப்டில் ஏற்றுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு வேறு கோடு வந்திருக்கலாம். பி2463 என்றால் உடைசல் இல்லை, கரி அடைப்பு. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டிக்கு இது வந்தே தீரும். சேர்ந்த கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும், சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது எப்படிக் கிடைக்கும்? டிபிஎஃப் விளக்கு மட்டும் எரியும் கட்டத்தில் பைபாஸில் ஒரே சீராக இருபது நிமிடம் ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகும். அதைத் தாண்டிவிட்டால் சென்டரில் கம்ப்யூட்டர் வழியாக ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன், அதாவது கரியைக் கட்டாயமாக எரிக்கும் வேலை, செய்யச் சொல்லுங்கள், புதுப் பாகத்தோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. கூடவே ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று போன வண்டியில் டீசல் ஆயிலோடு கலந்து அளவு மேலே ஏறியிருக்கும். அப்படி இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. ரொம்ப தூரம் ஓடிய வண்டிகளில் சேர்வது கரி அல்ல, ஆயிலில் இருந்து வரும் சாம்பல். அது எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இதே கதை பி0420 என்ற பெயரில் வரும், "கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) போச்சு" என்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது இரண்டாவது ஆக்சிஜன் சென்சார். சூடான வண்டியில் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றால் கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறது. முதல் சென்சார் போலவே மேலும் கீழும் குதித்தால் சந்தேகப்படலாம், அப்போதும் எக்ஸாஸ்ட் லீக் இல்லையென்று உறுதி செய்த பிறகுதான்.

சென்டர் எதற்கும் மசியவில்லை என்றால் வெளியே காட்டுங்கள், ஆனால் தெருமுனை மெக்கானிக்கிடம் வேண்டாம். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்களில் டீசல் பம்ப் வேலை செய்கிற பட்டறைக்காரர்கள் பிஎஸ்6 லாரிகளில் இதே தொல்லையைத் தினமும் பார்க்கிறார்கள், நல்ல ஸ்கேனரும் வைத்திருப்பார்கள். அங்கேயும் ஒருவர் "உள்ளே இருக்கிறதை வெட்டி எடுத்துட்டு மேப்பிங் போட்டுடலாம், தொல்லையே இல்லை" என்பார், அதாவது வடிகட்டியை எடுத்துவிட்டு ஈசியு சாஃப்ட்வேரையும் மாற்றிவிடுவது. வேண்டாம். அது சட்டப்படி தவறு, பின்னால் வருகிறவர் மூக்கில் கரியை அடிக்கிற வேலையும்கூட.

எல்லாம் பார்த்தும் டிபிஎஃப் நிஜமாகவே போயிருந்தால், வாரண்டி முடிந்து சில மாதங்கள்தான் என்கிறீர்கள், சர்வீஸ் எல்லாம் ஒழுங்காக அங்கேயே செய்திருந்தால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதி குட்வில் கேளுங்கள். பாகத்தின் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்வது உண்டு, டீலர் தானாக வாயைத் திறந்து சொல்ல மாட்டார். பதில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். ஜாப் கார்டு, எஸ்டிமேட், போட்டோ எல்லாம் கையில் இருப்பது அப்போதுதான் உதவும்.

பழைய டிபிஎஃபை சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். பணம் கட்டி மாற்றுகிறீர்கள் என்றால் பழையது உங்களுடையது, எஸ்டிமேட்டிலேயே அப்படி எழுதி வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு இருக்கும், விலை எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போட்டுவிடாமல், கன்வர்ட்டர் வாங்குகிறவர்களிடம் விலை கேட்டுப் பாருங்கள்.