பிரேடியின் அஸ்தி – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் தொடர் கொலைகாரன் இயான் பிரேடி 2017ல் இறந்தபோது, உடலை ஓர் இரவில் சத்தமில்லாமல் எரித்து, அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டார்கள் என்று படித்தேன். அவன் கேட்டிருந்த இசையைக்கூட நீதிமன்றம் மறுத்துவிட்டதாம். செத்தவனையும் பழிவாங்குவது நாகரிக அரசு செய்கிற வேலையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதைப் பழிவாங்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரேடியும் அவன் காதலி மைரா ஹிண்ட்லியும் 1963க்கும் 1965க்கும் இடையில் மான்செஸ்டர் பகுதியில் ஐந்து பேரைக் கொன்றார்கள். எல்லோரும் 10 முதல் 17 வயதுக்குள். நால்வரைப் புதைத்தது சாடில்வொர்த் மூர் என்ற மேட்டுநிலத்தில். கரிச்சேறு மண்டிய, ஆளரவமற்ற பெரும் பொட்டல் அது. மூன்று உடல்கள் கிடைத்தன. கீத் பென்னட் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

12 வயது நிறைந்து நான்கே நாள் ஆன பையன். 1964 ஜூன் 16 மாலை பாட்டி வீட்டுக்குக் கிளம்பினான். நல்ல கிட்டப்பார்வை. முந்தைய நாள்தான் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது, அதனால் அது இல்லாமலே போனான். அவன் அம்மா வினி ஜான்சன் 'எங்கே புதைத்தாய், அதை மட்டும் சொல்' என்று பிரேடிக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். 1987ல் போலீஸ் அவனை மூருக்கே கூட்டிப்போயும் பலனில்லை. மகனை அடக்கம் செய்யாமலே 2012ல் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார்.

பிரேடி செத்ததும் எழுந்த பயம், அவன் அஸ்தியை அந்த மூரிலேயே தூவிவிடுவார்களோ என்பது. தூவமாட்டோம் என்ற தெளிவான உறுதி அவன் வக்கீலிடமிருந்து கிடைக்காமல் அங்குள்ள இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் உயர் நீதிமன்றம் போயின. பிள்ளை இன்னும் மண்ணுக்குள் கிடக்க, கொன்றவனும் அங்கேயே சேர்வதை எந்தக் குடும்பம் தாங்கும்? அப்புறம் அந்த இசை. பெர்லியோஸ் சிம்பொனி ஒன்றின் கடைசிப் பகுதி. காதலியைக் கொன்று தண்டிக்கப்பட்டவனின் சவ அடக்கத்தில் சூனியக்காரிகள் கூடிக் கும்மாளமிடுவதாக அதில் கற்பனை. அதை மறுத்தது சரிதான்.

என் கோபமெல்லாம் வேறு. பூட்டிய இரண்டு பெட்டிகளை அவன் விட்டுப்போனான். கீத்தைப் பற்றி அவற்றில் ஏதாவது இருக்கலாம் என்று போலீஸ் சோதனைக்கு அனுமதி கேட்டது. வழக்குப் போடுவதற்குக் குற்றவாளி யாரும் உயிரோடு இல்லை என்று அனுமதி கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட தேடலுக்கு வழிவிட்டுச் சட்டம் வந்தது 2022ல். வினி ஜான்சன் இறந்து பத்து வருடம் கழித்து.