யாருடைய சுருதியில் பாடுகிறீர்கள்? (கேள்வி பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தேவாரமும் வாய்ப்பாட்டும் கற்பித்து வரும் ஆசிரியை, திருமுறை ஓதும் போட்டிக்கு ஆயத்தமாகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. யூடியூப்பில் கேட்ட பாடகியைப் போலவே அச்சாகப் பாடுகிறாள். மேல் ஸ்தாயியில் மட்டும் குரல் கீச்சிடுகிறது. என்ன சாதகம் (குரல் பயிற்சி) செய்யலாம், டீச்சர்?

சாதகத்துக்கு முன் சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக வைக்கும் ஸ்வரத்தின் உயரத்தைப் பாருங்கள். கட்டை என்பது அந்த உயரத்தைச் சொல்லும் எண். அந்தப் பாடகி ஆறு கட்டையில் பாடுகிறார் என்பதற்காக உங்கள் மகளும் அங்கே நிற்கிறாள். தாடையைத் தூக்கி, குதிகாலை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க அவள் பிடிக்கும் அந்த மேல் ஸ்வரம் அவளுடையதன்று. பெண்கள் பெரும்பாலும் ஐந்து முதல் ஆறு கட்டைக்குள்ளும், ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம் என்றாலும், அது வழக்கமே தவிரச் சட்டமில்லை. கைப்பேசித் தம்பூராவை ஐந்து கட்டையில் வைத்து, கீழே மந்தர ஸ்தாயி பஞ்சமமும் (கீழ் 'ப') மேலே தார ஸ்தாயி காந்தாரமும் (மேல் 'க') முகம் சுளிக்காமல் வருகின்றனவா என்று கேளுங்கள்; வராவிட்டால் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ மறுபடி பாடச் சொல்லுங்கள். 'தோடுடைய செவியன்' பதிகத்துக்குரிய பண், அதாவது பழந்தமிழ் ராகம், நட்டபாடை. இன்று கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறோம். ஸ்வரங்களுக்கு இடையிலான தொலைவைத்தான் பண் சொல்லும். எத்தனை கட்டை என்பதைச் சொல்லாது. ஆகவே நான்கரைக் கட்டையில் பாடினாலும் அது சம்பந்தர் பதிகமே.

உயர்ந்த கட்டையில் பாடினால் கூடுதல் மதிப்பெண் உண்டா?

நான் நடுவராக அமர்ந்த மேடைகளில் கொடுத்ததில்லை.

மகனுக்குப் பதினான்கு வயது. போன ஆண்டு நன்றாகப் பாடியவனுக்கு இப்போது குரல் உடைகிறது.

குரல்நாண்கள் நீளும் பருவம் அது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். பழைய குரலைத் தேடிக் கத்த விடாதீர்கள். சுருதியை இறக்கி, சிறிது நேரம் மட்டும் பாடட்டும்.

குருகுலமே பாவனைதானே, அம்மா? குருவைப் போலப் பாடாமல் யார் கற்றார்கள்? எங்கள் காலத்தில் நாடகப் பாடகர் கிட்டப்பாவைப் போல உச்சத்தில் பாடியவனைத்தான் பாடகன் என்றோம்.

ஐயா, கிட்டப்பா 1933இல் மறைந்தார். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கியில்லாமல் கேட்க வேண்டிய காலம் அது. இன்று நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முணுமுணுத்தாலே லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) கடைசி வீடு வரை கேட்கிறது. குருவிடம் கற்க வேண்டியது கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), சொல் பிரிப்பு ஆகியவற்றை, தொண்டையையன்று. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன், தமக்கு இயல்பான மிகத் தாழ்ந்த சுருதியிலும் மெதுவான விளம்ப காலத்திலும் பாடினார். எல்லாருக்கும் அது உடனே பிடித்துவிடவில்லை என்றபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களை (விரைவாக உருளும் ஸ்வரக் கோவைகளை) கற்ற அவருடைய சீடர் எம்.எல். வசந்தகுமாரி, ஆண் குரலைப் பாவனை செய்தாரா?

(அவரே மீண்டும்) அவர்கள் மேதைகள், அம்மா. சாதாரணப் பிள்ளைக்குப் பாவனையை விட்டால் என்ன இருக்கிறது?

மேதை தவறான சுருதியில் பாடினாலும் ஓரளவு சமாளித்துவிடுவார். சாதாரணப் பிள்ளையால் முடியாது. அதனால்தான் அவளுக்கு இது இன்னும் அவசியம் என்கிறேன். ஒரு வரியைப் பத்துத் தடவை கேட்டு அப்படியே பாடட்டும், தடையில்லை. ஆனால் முதலில் அதைத் தன் சுருதிக்கு இறக்கிக்கொண்டு பாடட்டும். உங்களுக்கு யாரோ ஒருவரைப் பற்றிக் கவலை என்று தோன்றுகிறது.

(அவரே) பேத்திதான். குரல் தடித்துக் கட்டையாக இருக்கிறது, பொம்பளைப் பிள்ளைக் குரலாக இல்லை என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

அப்படியென்றால் இதை முதலிலேயே கேட்டிருக்கலாம், ஐயா. அவளை ஆறு கட்டைக்கு இழுத்தது யார்? நான்கு கட்டையில் பாடச் சொல்லுங்கள். 'பித்தா பிறைசூடி' இந்தளப் பண். கீழ் ஸ்வரங்கள் கனமாக ஒலிக்கும் குரலுக்கு அது நன்றாகப் பொருந்தும். வகுப்புக்கு அழைத்து வாருங்கள். சிரிக்கிற உறவினர்கள் வர வேண்டாம்.

என் மகளுக்கு எத்தனை கட்டை வைக்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எந்தச் சுருதி?

மேற்படி. குரலைக் கேட்காமல் கட்டை சொல்லும் ஆசிரியரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

கல்யாண விருந்தில் கரோக்கே பாட வேண்டும். மூலப் பாடகரின் சுருதியிலேயே இசை இருக்கிறது.

சுருதியை இறக்கும் வசதி அநேகச் செயலிகளில் உண்டு. இறக்குங்கள்.

மூன்று வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது. மிளகும் தேனும் போதுமா?

போதாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பாட வேண்டாம்.